வேடியப்பன் கல்லுக்கு மேற்கே எங்கள் கொட்டாய்

போன வாரம் அக்கா மகனுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். "உன் ஊரின் வரலாறு, ஒரு பக்கம் எழுதி வா." போனில் தேடினான். அஞ்சல் எண் வந்தது, தாலுகா பெயர் வந்தது, பக்கத்து ஊர்கள் எத்தனை கிலோமீட்டர் என்று வந்தது, அவ்வளவுதான். நோட்டைப் பார்த்தால் "எங்கள் ஊருக்கு வரலாறு இல்லை" என்று முதல் வரி எழுதி வைத்திருக்கிறான். அதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவே இல்லை.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குக் கிழக்கே, தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம். ஊர் என்று சொல்லிக்கொண்டாலும் அது ஒரு கொட்டாய். வெளி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி முழுக்க மேப்பில் ஏறாத நூற்றுக்கணக்கான கொட்டாய்கள் இருக்கின்றன. இங்கே மழை குறைவு, ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, கொல்லை என்று நாங்கள் சொல்லும் புன்செய் நிலம் மேட்டில் கிடக்கிறது, கொஞ்சம் தோண்டினால் கருங்கல் பாறை. ராகியோ சோளமோ கிணறு வெட்டி, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டித்தான் காப்பாற்ற வேண்டும். விடியும் முன்பே மாடு பூட்ட வேண்டியவன் ஊருக்குள் படுத்துக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது, ராத்திரியில் பன்றி வந்து கொல்லையைக் கிளறிவிடும். அதனால் கிணற்று மேட்டிலேயே ஓலையில் ஒரு கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். கொட்டகை ஓட்டு வீடானது, பிள்ளைகள் தனித்தனியாகப் பிரிந்து பக்கத்திலேயே சுவர் எழுப்பினார்கள், முதலில் வந்தவர் பெயரோடு கொட்டாய் ஒட்டிக்கொண்டது. எங்கள் கொட்டாய்க்கு என் கொள்ளுத்தாத்தா பெயர். அந்தப் பாறையை முதலில் உடைத்தவர் யார் என்று ஊர்ப்பெயரே சொல்கிறது, அப்புறம் எப்படி வரலாறு இல்லை என்று எழுத முடியும்?

பெயர்களைக் கொஞ்சம் நின்று கேட்டாலே போதும். மாரண்டஅள்ளி, எர்ரணஅள்ளி என்று நம் பக்கம் எத்தனை அள்ளிகள்! அது கன்னடத்தின் ஹள்ளி. நுளம்பர்கள் ஆண்டது, ஹொய்சளர் வந்தது, விஜயநகரம், அப்புறம் மைசூர், எல்லாம் அந்த மூன்று எழுத்துக்குள் கிடக்கிறது. ஜக்கசமுத்திரம் என்கிறோமே, சமுத்திரம் என்பது பெரிய ஏரிக்கு வைத்த பெயர். தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்துச் சமுத்திரம் என்று கூப்பிட்டவர்கள் தண்ணீருக்கு எவ்வளவு ஏங்கியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை அந்த வழியாகப் போகும்போதும் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கொட்டாய்க்குக் கிழக்கே புளியமரத்தடியில் ஒரு கல் உண்டு. வில்லும் கையுமாக நிற்கும் ஒருவனைச் செதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம், பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு வேடியப்பன் என்றே பெயர் வைக்கிறோம். இந்த இரண்டு மாவட்டத்திலும் வேடியப்பன் என்று கும்பிடப்படுகிற கற்களில் பல நடுகற்கள்தான். மாட்டு மந்தையை ஓட்டிப்போனவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்காக ஊர் நட்ட கல். மந்தையைத் தொறு என்பார்கள், தொறு மீட்டுப் பட்டான், அதாவது மந்தையை மீட்டுச் செத்தான் என்று வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் பொறித்த கற்கள் நம் பக்கத்தில் நிறைய கிடைத்திருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு மேலான கற்கள் அவை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், இதுவரை பார்க்காதவர்கள் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ராஜாவின் புகழ் பாடும் மெய்க்கீர்த்திக் கல்வெட்டு எந்த மாவட்டத்திலும் இருக்கும். மாட்டுக்காகச் செத்த சாதாரண ஒருவனின் பெயரை இத்தனை கற்களில் எழுதி வைத்த மண் எங்களுடையது, அதில் எனக்குப் பெரிய பெருமை.

இப்படி இன்னொரு கல் கூட்ரோடு பக்கம் இருந்தது. சில வருஷம் முன்பு ரோடு அகலப்படுத்த வந்தவர்கள் ஜேசிபியால் புரட்டி மண்ணோடு சேர்த்து அமுக்கிவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் யாரும் போய் மறிக்கவில்லை. அது என்ன கல் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாததுதான் காரணம்.

அதியமானை எழுதுங்கள், அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்கனியை எழுதுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அவன் ஆண்ட தகடூரோடு நம் வரலாறு முடிந்துவிட்டது போல மேடைக்கு மேடை அதையே பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை என்று ஒரு இடம். பெயரைப் பாருங்கள், ஆடு மேய்க்கிறவர்கள் அடையாளத்துக்குச் சொல்லும் பெயர் மாதிரி இருக்கிறது. அங்கே தோண்டி எடுத்ததை ஆய்வுக்கு அனுப்பியபோது இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போனது, 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். இனி எந்தப் பாறையை, எந்தக் குட்டையை ஒன்றுமில்லாத இடம் என்று தள்ளுவது?

கொல்லைகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் அப்போது பாராமகால் என்று சொன்ன இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார், அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ ஏழு வருஷம் தர்மபுரிப் பக்கமே இருந்தார். நிலத்தைத் தனித்தனியாக அளந்து, ஒவ்வொரு குடியானவனோடும் நேரடியாக வரி பேசிய அந்த ஏற்பாடுதான் பின்னால் ரயத்துவாரி என்று சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் போனது. இன்றைக்குப் பட்டாவில் நம் பெயர் தனியாக இருக்கிறதே, அதன் வேர் இங்கேதான். இதை நம் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

அப்புறம் பல். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். கருங்கல் பாறைக்குள் இருந்து தண்ணீரில் கரைந்து வந்த ஃபுளோரைடு அது. ஒகேனக்கல் தண்ணீர்த் திட்டம் தொடங்கிய 2013 வரை எங்களுக்குக் கிணறும் போர்வெல்லும்தான் கதி. கொட்டாயை உண்டாக்கிய கிணற்றுத் தண்ணீர்தான் எங்கள் அத்தையின் பல்லையும் முட்டியையும் தின்றது. இதுவும் ஊர் வரலாற்றில் ஏறத்தான் வேண்டும்.

அந்த அத்தையிடம்தான் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். "ஏங்கண்ணு, நரிப்பாறை கூடவா தெரியாது?" என்று ஆரம்பித்தவர் மத்தியானம் வரை நிறுத்தவில்லை. நரிப்பாறை, கோணக்கிணறு, எருது விட்ட மேடு, மண்ணில் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்துப் பாரதக் கூத்தில் படுகளம் முடித்த களம், பஞ்சத்தில் கூலிக்கு ராகி வாங்கிக்கொண்டு வெட்டிய குட்டை. பையன் எழுத எழுத 31 பெயர் வந்தது. முதல் வரியை அவனே அடித்துவிட்டான்.

ஏரி மதகுக்குக் கீழே இருக்கும் வயல்கள் இன்னும் பாக்கி. அந்தப் பெயர்கள் எங்கள் கொட்டாயில் அத்தை ஒருவருக்குத்தான் தெரியும். வயது 86, வெயில் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு மணிக்கே பையன் வண்டியில் பின்னால் உட்கார வைத்து மெதுவாகக் கூட்டிப்போகிறோம்.