337 டன் எரிந்தது, மண் அப்படியே இருக்கிறது

போபால் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் கழிவு முழுவதும் எரிக்கப்பட்டுவிட்டது, இடம் சுத்தம், இனி பூங்கா கட்டலாம் என்று ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். இது தவறு.

மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் உள்ள கழிவு எரிப்பு ஆலைக்கு 2025 ஜனவரியில் 12 லாரிகளில் போனது சுமார் 337 டன். வளாகத்தில் கிடந்ததைப் பொறுக்கி மூட்டை கட்டி, கிடங்கில் பல வருஷம் பூட்டி வைத்திருந்த பகுதி மட்டும்தான் அது. ஜூன் இறுதிக்குள் அதை எரித்து முடித்தார்கள், சரி. மண்ணை யார் தொட்டார்கள்? நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வு 2010-லேயே சுத்திகரிக்க வேண்டிய மண் மட்டும் 11 லட்சம் டன் என்று மதிப்பிட்டது.

இன்னொன்று, இந்த மாசு 1984 விஷவாயுவால் வந்ததல்ல. ஆலை ஓடிய காலம் முழுக்க உள்ளேயே கழிவைக் கொட்டினார்கள். 1977 முதல் வெளியே ஆவியாக்கும் குளங்களில் விட்டார்கள். அதனால்தான் வாயு எட்டாத குடும்பங்களும் குழாய்க்கிணற்று நீரால் பாதிக்கப்பட்டன.

நிலத்தடி நீரில் கண்டறியப்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சுக் கரைப்பான் தண்ணீரைவிடக் கனமானது. மிதக்காது, கீழே இறங்கி அடிப்பாறை இடுக்குகளில் தங்கி, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மேல்மண்ணை மட்டும் சோதித்தால் அகப்படாது. பல ஆழங்களில் துளையிட்டு, கண்காணிப்புக் கிணறு வைத்து, மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும்.

அதைச் செய்யாமல் பூங்கா கட்டினால் குழந்தைகள் விளையாடப் போவது அந்த மண்ணில்தான். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.