வெட்டா, கிழிசலா?

கேஷுவாலிட்டி டியூட்டி பார்க்க ஆரம்பித்த முதல் வருடம். இரவு இரண்டு மணிக்கு மண்டை உடைந்து ஒருவர் வந்தார். நாலு சென்டிமீட்டர் காயம், விளிம்பு நேராக இருந்தது. ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் 'வெட்டுக்காயம்' என்று எழுதி, தையல் போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து சம்மன். போலீஸ் வழக்கில் ஆயுதம் உருட்டுக்கட்டை. "டாக்டர், கட்டையால் அடித்தால் வெட்டுக்காயம் வருமா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். கூண்டில் நின்று கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தேன்.

மண்டைத்தோலுக்கு அடியிலேயே எலும்பு. கட்டையால் அடித்தாலும் தோல் கத்தி பட்டது போல நேராகப் பிளக்கும்; ஆனால் அது வெட்டு அல்ல, கிழிசல். லென்ஸ் வைத்து விரித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: விளிம்பில் சிராய்ப்பு, நசுங்கிய மயிர்க்கால், காயத்துக்குள் அறுபடாமல் குறுக்கே நிற்கும் திசு இழைகள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதையெல்லாம் ஒப்பித்துப் பாஸ் ஆனவன்தான் நான். அன்றைக்கு விரித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

என் அறிக்கை யாருக்குச் சாதகம் என்பது என் கவலையில்லை. ஆனால் நம் ஆட்கள் பலருக்கு, எதிரே வலியில் அழுகிறவர் பக்கம் சாய்வதுதான் மனிதாபிமானம் என்ற நினைப்பு. 'தாக்கப்பட்டார்' என்று எழுதிவிடுகிறார்கள். நாம் பார்த்தோமா? 'தாக்கியதாகச் சொல்கிறார்', அதுதான் நமக்குத் தெரிந்தது. அப்புறம் ஏட்டய்யா வருவார், "சார், கிரீவியஸ்னு போட்டுக் கொடுங்க." சட்டக் கணக்கில் கொடுங்காயம் என்று அர்த்தம். எலும்பு முறிந்திருந்தால் எக்ஸ்ரே சொல்லட்டும். கடும் வலி இத்தனை நாள் நீடித்தாலும் கிரீவியஸ்தான்; அதற்கான கெடு பழைய சட்டத்தில் 20 நாள். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டமான நியாய சன்ஹிதாவில் 15 நாள். கேஸ் ஷீட் பார்க்காமல் அதை எப்படி எழுதுவது?

பெரிய ஆட்களும் சறுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக 1999இல் சாலி கிளார்க் என்ற தாய்க்கு ஆயுள் தண்டனை. ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் தூக்கத்தில் திடீரென இறக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்றார் பேராசிரியர் ராய் மெடோ. ஒரு குழந்தை அப்படி இறக்க 8,543இல் ஒரு வாய்ப்பு என்று வைத்து, அந்த எண்ணை அதாலேயே பெருக்கி வந்த கணக்கு அது. ஒரே மரபணு, ஒரே வீடு என்பதெல்லாம் அதில் இல்லை. அவர் குழந்தை மருத்துவர், புள்ளியியல் அவர் துறையே அல்ல. அதைவிட எனக்கு உறைத்தது வேறு. இரண்டாவது குழந்தையின் உடலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி இருந்ததை, அதாவது நோய்த்தொற்றால் இறந்திருக்கலாம் என்பதைக் காட்டிய சோதனை முடிவு பிரேதப் பரிசோதனை செய்தவர் கையிலேயே இருந்தது. அவர் வெளியே சொல்லவில்லை. அது தெரியவந்த பிறகு, 2003இல்தான் அந்தத் தாய் விடுதலையானார். தன் முடிவுக்கு ஒத்துவராத ரிசல்ட்டைத்தான் முதலில் எழுதவேண்டும் என்று ஜூனியர்களிடம் சொன்னால், "வக்கீலுக்கு நாமே எடுத்துக் கொடுக்கணுமா சார்?" என்கிறார்கள். ஆமாம், கொடுக்கணும்.

கேஷுவாலிட்டி டிராயரில் இப்போது ஒரு லென்ஸ் கிடக்கிறது, நான் வாங்கிப் போட்டது. ஹவுஸ் சர்ஜன்கள் அதை வைத்து விரலில் முள் எடுத்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை, டிராயரில் இருந்தால் சரி.