நாங்க ஒண்ணும் கேக்கலைங்க

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணினாள். மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது, அடுத்த வாரம் பேசி முடிக்கப் போகிறோம், நீயும் வரணும் என்றாள். சந்தோஷம்தான். அதற்கப்புறம் சொன்னதுதான் தூங்க விடவில்லை. "நாம எதையும் கேக்கக் கூடாது, அசிங்கம். 'உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க'ன்னு மட்டும் நீ சொல்லிடு. உங்க மாமா சொன்னா கேக்கற மாதிரி இருக்கும். நீ சொன்னா மரியாதையா இருக்கும்."

நான் சொன்னால் ஏன் மரியாதை? வரதட்சணைக்கு எதிராக இங்கேயே நாலு பதிவு எழுதியிருக்கிறேனே, அதனால்தான்.

அந்த வாக்கியம் ஒலிக்காத கல்யாணப் பேச்சு நம் ஊரில் அபூர்வம். கேட்பது கேவலம், வாங்குவது கௌரவம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை ஒரே தாண்டலில் தாண்டிவிடும் வாக்கியம் அது. சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து, காபி டம்ளரைக் கீழே வைத்தபடி, "எங்க பெரிய மருமக அறுபது பவுனோட வந்தா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்" என்பார்கள். பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். கண் மட்டும் மனைவி பக்கம் ஒருமுறை போய் வரும். அவ்வளவுதான், பேரம் படிந்துவிட்டது. யாரும் எதையும் கேட்கவில்லை.

1961-ல் வந்த வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆனால் யாரும் கேட்காமல் கல்யாணத்தில் வழக்கமாகத் தரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. அதையும் பட்டியல் போட்டு வைக்க வேண்டும் என்று 1985-ல் விதி வந்தது. மொய் நோட்டில் ஐம்பத்தொரு ரூபாயைக்கூட விடாமல் எழுதுகிற நாம் இந்தப் பட்டியலை எழுதி நான் ஒரு கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர் டேனியல் பேட்சன் குழுவினர் 1997-ல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. இரண்டு வேலைகள். ஒன்றில் பரிசுச் சீட்டு கிடைக்கும், இன்னொன்று வெறும் சலிப்பு. உனக்கு எது, முகம் தெரியாத இன்னொருவருக்கு எது என்று நீயே முடிவு செய். வேண்டுமானால் காசு சுண்டிப் பார்த்துக்கொள் என்றார்கள். 20 பேரில் 10 பேர் சுண்டினார்கள். அதில் 9 பேருக்கு நல்ல வேலையே "விழுந்தது"! சுண்டாத 10 பேரிலும் 9 பேர் நல்லதைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். பலன் ஒன்றுதான். ஆனால் சுண்டியவர்களுக்கு, தாங்கள் நியாயமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தி கூடுதல்.

"உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது" என்பது நாம் சுண்டுகிற காசு. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்கூட அதில் ஏமாறுவதில்லை, பாயை விரித்துப்போட்ட பையனுக்குக்கூட விஷயம் தெரியும். ஏமாற வேண்டிய ஆள் சொல்கிறவர் மட்டும்தான்.

என் தாத்தா காலத்தில் இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம் என்று வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு கறாராகப் பேசுவார்களாம். (அதற்கும் முன்னால் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீடுதான் பரிசம் போட்டது. படிப்பும் மாதச் சம்பளமும் மாப்பிள்ளைக்கு விலை ஏற்றின.) அந்தக் கறாரை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவர் "அவ்வளவு முடியாதுங்க, முப்பதா வெச்சுக்குவோம்" என்று வாய் திறக்க அதில் இடம் இருந்தது. ஒன்றுமே வேண்டாம் என்கிற பெரிய மனுஷரிடம் எப்படிக் குறைத்துப் பேசுவது?

இரண்டு வருஷம் கழித்து பேட்சன் அதே சோதனையில் எதிரே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுண்டியவர்களுக்குக் காசு ஒழுங்காக விழுந்தது. பாதிக்குப் பாதி.

எனக்கு 2009-ல் கல்யாணம். நான் எதையும் கேட்கவில்லை. பைக் வந்தது. மண்டப வாசலில் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். "ஆசையா வாங்கித் தர்றார், வேண்டாம்னா மனசு நோகும்" என்று நண்பர்களிடம் நானே விளக்கம் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். மாமனார் தவறிய பிறகு பீரோவை ஒழித்தபோது ஒரு பிளாஸ்டிக் கவரில் நகை அடகு ரசீது கிடைத்தது. அத்தையின் வளையல், நாலு பவுன். தேதி, கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு. பின்னால் வட்டி கட்டிய தேதிகளை பால்பாயிண்ட் பேனாவில் குட்டிக் குட்டியாக வரிசையாக எழுதி வைத்திருந்தார். கடைசித் தேதி 2014. பைக்கை நான் 2013-லேயே விற்றுவிட்டேன்.

அக்காவைத் திங்கட்கிழமை கூப்பிட்டேன். "வர்றேன்க்கா. ஆனா அந்த வார்த்தை என் வாயில வராது. ஒண்ணு, எத்தனை பவுன் வேணும்னு நேரா கேக்கறேன். இல்லேன்னா, குண்டுமணி தங்கம் போட்டாலும் திருப்பிக் குடுத்துடுவோம்னு சொல்றேன். எதைச் சொல்லட்டும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உங்க மாமாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்டா" என்றாள்.

இன்று வியாழன். இன்னும் கூப்பிடவில்லை.