தத்தெடுத்தால் கரடி காட்டுக்குப் போகாது

பெங்களூருவின் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: பன்னேருகட்டா பூங்காவில் கரடியைத் தத்தெடுத்துப் பணம் கட்டினால், கூண்டைத் திறந்து அதைக் காட்டில் விட்டுவிடுவார்களாம். இது தவறு.

தத்தெடுப்புத் திட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் தீனிக்கும் பராமரிப்புக்கும் போகிறது. விலங்கு அங்கேயேதான் இருக்கும். பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

அங்குள்ள மீட்பு மையத்துக்கு வந்த கரடிகளில் பல, தெருத்தெருவாக ஆட்டுவிக்கப்பட்டவை. குட்டியிலேயே மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்து, பற்களையும் உடைத்திருக்கிறார்கள். கயிறு அறுத்த தழும்பு மூக்கில் மாறாமல் நிற்கும். கரையான் புற்றைக் கிளறித் தின்னத் தாயிடம் கற்கும் முன்பே பிரிக்கப்பட்ட கரடி, காட்டில் பட்டினி கிடந்து சாகும். சிங்கம், புலி, கரடியை வைத்து வித்தை காட்ட 1998இல் தடை வந்தபின் மீட்கப்பட்ட சர்க்கஸ் சிங்கங்களின் நிலையும் இதுதான்.

காட்டு விலங்கைக் கூண்டில் வைப்பது சரியா என்ற கேள்வி என்னையும் உறுத்துகிறது. அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் இந்தக் கரடிகளுக்குத் திரும்பிப் போகக் காடு இல்லாமல் செய்தது கயிற்றைப் பிடித்திருந்த கை.

இரக்கப்பட்டுத்தான் பலரும் அனுப்பியிருப்பீர்கள். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.