ஐந்தாவது காளை

நண்பன் ஒருவன் போர்ச்சுகலைச் சேர்ந்த அசோரெஸ் தீவுகளுக்குப் போகிறான். பத்து நாளில் ஆறு தீவு என்று அட்டவணை போட்டு அனுப்பி, "சரியா இருக்கா பார்" என்றான். சரியில்லை என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். கோபித்துக்கொண்டான். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

நானும் அதே தப்பைச் செய்தவன்தான். முதல் முறை போனபோது ஒன்பது நாளில் ஐந்து தீவு. லிஸ்பனுக்கு மேற்கே சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் நடுவில் ஒன்பது எரிமலைத் தீவுகள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எதை விடுவது என்ற பேராசை. சாவோ மிகேல் தீவில் செத்தே சிதாதெஸ் ஏரியைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, ஏரி இருக்கவேண்டிய இடத்தில் நின்ற வெள்ளை மூட்டத்தைப் பார்த்தேன். மூட்டம் விலகக் காத்திருக்க நேரமில்லை, மறுநாள் காலை விமானம். ஊர் திரும்பி, "அங்கே மக்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கிறார்கள்" என்று வேறு சொல்லித் திரிந்தேன். ஓர் ஊரில் இரண்டு ராத்திரி தங்காதவனிடம் யார் என்ன பேசுவார்கள்?

அந்தப் பயணத்தில்தான் தெர்சைரா தீவில் கயிற்றுக் காளை பார்த்தேன். மே முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ஊருக்கு ஊர் நடக்கும். நீண்ட கயிற்றில் கட்டிய காளையைத் தெருவில் விட்டுக் கயிற்றைச் சிலர் பிடித்துக்கொள்ள, இளைஞர்கள் அதன் முன்னால் ஓடுவார்கள். மற்றவர்கள் மதிலிலும் பால்கனியிலும். மாட்டை மிரட்டுவது எனக்குப் பிடிக்காது, இப்போதும் பிடிக்கவில்லை. மொத்தம் நான்கு காளை. நான்காவது முடிந்து வாணம் வெடித்ததும் எழுந்து அறைக்கு வந்துவிட்டேன். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அங்கே "ஐந்தாவது காளை" என்று ஒன்று உண்டு. அது காளையே இல்லை. ஆட்டம் முடிந்தபின் வீட்டுக் கதவுகளைத் திறந்துவைத்து, வந்தவர் போனவர் எல்லோரையும் உட்காரவைத்துச் சாப்பாடும் ஒயினும் போடுகிறார்களே, அதற்குத்தான் அந்தப் பெயர். பிடிக்காததை முழுக்கப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கக்கூடியதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டாவது முறை மூன்று வாரம், பீக்கோ தீவில் மட்டும் அறை. ஃபயால், சாவோ ஜோர்ஜ் இரண்டுக்கும் அங்கிருந்து படகு. பீக்கோவின் மதலேனாவிலிருந்து ஃபயாலின் ஓர்தாவுக்கு அரை மணி நேரம்தான். பீக்கோவில் பெரிய மருத்துவமனை கிடையாது, அதற்கு ஓர்தாதான். ஆகவே அந்தப் படகில் பரிசோதனைக்குப் போகும் பாட்டி, வேலைக்குப் போகிறவர், சாமான் வாங்கித் திரும்புகிறவர் என்று எல்லோரும் ஏறுவார்கள். மூன்றாம் நாள் ஒருவர் தலையசைத்தார். ஐந்தாம் நாள், "மலை ஏறியாச்சா?" என்று கேட்டார்.

ஏறவில்லை. பீக்கோ மலை 2,351 மீட்டர், போர்ச்சுகலிலேயே உயரமானது. சுமார் 1,200 மீட்டரில் இருக்கும் மலை நிலையத்தில் பெயர் பதிந்து, இருப்பிடம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டுதான் ஏறவேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் மேலே இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இரண்டு முறை அந்த நிலையம் வரை போய், காற்றையும் மூட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். திரும்பினால் எங்கே போவது? காப்பிக் கடைக்கு. மலை உச்சியில் மேகம் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பதை வைத்து நாளை வானிலை எப்படி என்று அங்கே எல்லோரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். ஒரு பெரியவர் என்னிடம் அமெரிக்க ஆங்கிலத்தில் பேசினார். காரணம் கேட்டேன். 1957 செப்டம்பரில் ஃபயாலின் மேற்கு முனையில் கடலுக்குள் கபெலின்யோஷ் எரிமலை வெடித்தது. பதின்மூன்று மாதம் சாம்பல். கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளமே புதைந்துபோனது. அடுத்த ஆண்டு, பாதிக்கப்பட்ட இவர்கள் அங்கே குடியேறுவதற்கென்றே அமெரிக்கா தனிச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது செனட்டராக இருந்த ஜான் கென்னடி அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். பெரியவரின் குடும்பம் அப்படித்தான் மாசசூசெட்ஸ் போனது. ஓய்வு பெற்றதும் அவர் மட்டும் திரும்பிவிட்டார். மறுநாள் அந்தச் சாம்பல் மேட்டில் நடந்தபோது என் கால் வேறு மாதிரி நடந்தது.

பீக்கோவில் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கருங்காட்டை "மிஷ்டேரியு" என்கிறார்கள், மர்மம் என்று பொருள். 1718, 1720 ஆண்டுகளில் மேலேயிருந்து நெருப்பு ஏன் இறங்குகிறது என்று புரியாதவர்கள் வைத்த பெயர். பரிசுத்த ஆவி விழா இந்தத் தீவுகளில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கும் அந்தப் பயம் ஒரு காரணம். வெடிப்பும் நிலநடுக்கமும் வந்தபோது வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன்கள் இன்னும் நடக்கின்றன. ஈஸ்டர் முடிந்து ஏழெட்டு வாரத்தில், சின்னச் சின்ன விழா மண்டபங்களின் முன்னால் மேசை போட்டு, ரொட்டித் துண்டுகளின் மேல் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றி, புதினா போட்ட சோப்பாஸ் பரிமாறுகிறார்கள். காசு வாங்குவதில்லை. மிஷ்டேரியு வழியாக நடந்து வந்த எனக்கு முழங்கால் வரை சேறு. ஓரமாக நின்று படம் எடுக்கலாம் என்று பார்த்தேன். ஓர் அம்மா கேமராவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தட்டை நீட்டினார். எதிரில் இருந்தவர் வேறு யாருமல்ல, படகில் தலையசைத்தவர்!

இதையெல்லாம் சொல்லி அங்கே சொர்க்கம் என்று காட்டப் பார்க்கவில்லை. மூன்று வாரக்காரனுக்கு எல்லாம் இனிக்கும். குளிர்காலத்தில் அங்கே குடியேறினால் படகு ரத்தாகும், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெருவில் பூனைதான் இருக்கும். ஊர் இசைக்குழுவில் சேர்ந்து ஊதவோ, பழைய திமிங்கில வேட்டைப் படகுகளில் துடுப்புப் போடவோ போனால் பழக்கம் வரும். உட்கார்ந்த இடத்தில் வராது.

நடைபாதைகளும் அப்படித்தான். சாவோ ஜோர்ஜில் மலைமேட்டிலிருந்து இறங்கி, சாந்தோ கிறிஸ்தோ கடற்கழி வழியாகப் போகும் பாதை சுமார் பத்து கிலோமீட்டர். கைபேசிச் செயலி இரண்டரை மணி நேரம் என்றது. எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது. கார் போகாத அந்தக் கடலோரத் திட்டில் காப்பி குடித்துக்கொண்டு, 1980 ஜனவரி முதல் தேதி நிலநடுக்கத்தில் மலை சரிந்து பலர் வீட்டை விட்டுப்போன கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பீக்கோ உச்சிக்கு மூன்றாவது முயற்சியில் போய்விட்டேன். மேலே மூட்டம். ஒன்றும் தெரியவில்லை. அதைக் கீழே காப்பிக் கடையில் சொன்னபோது கிடைத்த சிரிப்பு, எல்லாம் அழகாகத் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்காது.

நண்பன் நேற்று புது அட்டவணை அனுப்பினான். ஆறு நான்காகியிருக்கிறது. இதுவும் அதிகம்தான், ஆனால் தெர்சைராவுக்கு மூன்று இரவு ஒதுக்கியிருக்கிறான். வாணம் வெடித்ததும் எழுந்துவிடாதே என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.