சம்பளமில்லாத பயிற்சிக்கு யார் வீட்டுப் பிள்ளை போகும்?

போன மாதம் கிளிநொச்சி தருமபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை போனோடு ஓடி வந்தாள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம், அரசியல் விஞ்ஞானம். கொழும்பில் கொள்கை ஆய்வு செய்யும் நிறுவனம் ஒன்றில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. மெயிலின் கடைசி வரியில், கொடுப்பனவு எதுவும் இல்லை, முடிவில் சான்றிதழ் தரப்படும் என்று இருந்தது.

"அக்கா, போகவா விடவா?"

கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டோம். வெள்ளவத்தையில் இன்னொரு பிள்ளையோடு பங்கு போடும் அறைக்கு மாதம் 18,000, கைகாசாக (முற்பணம்) இன்னொரு 18,000. சாப்பாட்டை எவ்வளவு இறுக்கினாலும் 25,000. பஸ், போன், ஒஃபிசுக்குப் போடக்கூடிய இரண்டு உடுப்பு, ஒரு சப்பாத்து. மூன்று மாதத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவளுக்கு வருவது அரசின் மாதாந்த உதவித்தொகையான மகாபொல. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவை 7,500 ஆக்கினார்கள். அதுவும் நினைத்த நேரத்துக்கு வராது. தாய் கச்சான் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். அந்த வீட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த சங்கிலி ஏற்கெனவே அடகில்.

அவள் போகவில்லை. 'தனிப்பட்ட காரணங்களால்' என்று பதில் எழுதினாள். அந்தச் சொல்லை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இதைச் சொன்னபோது ஒரு பெரிய மனிதர், "நாங்களும் காசில்லாமல்தான் பழகி வந்தோம்" என்றார். உண்மைதான். ஆனால் அவருக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாமி வீடு இருந்தது. மூன்று நேரச் சோறும் படுக்க இடமும் அவர் கணக்கில் காசாக விழவேயில்லை.

இது ஒரு பிள்ளைக்கு வந்த நட்டம் மட்டும் இல்லை. கொழும்பில் எழுதப்படும் அறிக்கைகளில் பாதி எங்களைப் பற்றியது: மீள்குடியேற்றம், காணி, பெண்களின் நுண்கடன். ஒருமுறை அப்படி ஒரு அறிக்கையின் வரைவை எனக்குப் படிக்கத் தந்தார்கள். அதில் கிளிநொச்சியின் வாக்குகளை வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். வன்னி என்றால் எங்களுக்குக் கிளிநொச்சியும்தான். ஆனால் தேர்தல் கணக்கில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவுதான் வன்னி. கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு. இங்கே வாக்குப் போடும் எவருக்கும் தெரிந்த விஷயம். அந்த மேசையில் இங்கத்தைய ஆள் ஒருவரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

காணியை எடுங்கள். 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி ஆகிவிடும் என்றார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு திரும்பப் பெற்றார்கள். எங்கள் காணி உறுதி 2009 இல் போரின் கடைசியில் மாத்தளனில் விட்டுவிட்டு ஓடிய ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தது. எத்தனை வீட்டில் இதே கதை. பயிற்சிக்கு வந்த பிள்ளை வர்த்தமானியை மறித்திருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. அவளைப் போட்டோகொப்பி எடுக்கத்தான் விடுவார்கள். ஆனால் போட்டோகொப்பி எடுத்தவர்கள்தான் பத்து வருடத்தில் அந்த மேசைக்கு வருகிறார்கள். வழி அங்கேதான் தொடங்குகிறது.

இப்படிப் போகும் பிள்ளைகளின் செலவுக்கு நாங்கள் காசு சேர்த்துக் கொடுப்போம் என்றதற்கு, என்ஜிஓவில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னோடு சண்டைக்கே வந்தார். "நீங்கள் காசு சேர்த்துக் கொடுத்தால் அந்த நிறுவனங்கள் எந்தக் காலத்திலும் சம்பளம் கொடுக்காது. கச்சான் தோட்டத்துக் காசில் கொழும்புக்கு இலவச வேலையாள்." இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சம்பளமில்லாத பொதுத்துறைப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் உதவித்தொகை கொடுக்கின்றன. இருந்தும் வெள்ளை மாளிகையே பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022 இல்தான். ஜெனீவாவில் ஐ.நா.வுக்குச் சம்பளமில்லாத பயிற்சிக்குப் போன நியூசிலாந்துப் பொடியன் கூடாரத்தில் படுத்தது 2015 இல் பெரிய செய்தியானது. சமத்துவம் பற்றி அறிக்கை எழுதுகிற இடங்களே இப்படித்தான். ஆகவே சம்பளம் கேட்டுச் சண்டை பிடிக்கத்தான் வேண்டும். வெளிநாட்டு நிதியில் திட்டம் எழுதும்போது பயிற்சியாளரின் சம்பளத்துக்குச் செலவுக் கணக்கில் ஒரு வரி போட இவர்களால் முடியாதா? முடியும். ஆனால் அந்தச் சண்டை முடியும் வரை தருமபுரத்துப் பிள்ளை காத்திருந்தால் அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

எங்களிடம் காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. பழைய மாணவர் சங்கங்கள் கட்டும் வளைவுகளைப் பாருங்கள். கோயில் மணிக்கூட்டுக் கோபுரங்களைப் பாருங்கள் (கோயிலுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பிறகு இன்பொக்ஸில் வந்து ஏசாதீர்கள்). கல்வெட்டில் பெயர் வரும் வேலைக்கு லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் காசு வரும். ஒரு பிள்ளையின் மூன்று மாத வாடகையில் யாருடைய பெயரைப் பொறிப்பது?

கொடுப்பதென்றால் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். முடித்துவிட்டு பில்லைக் கொண்டு வா, காசு தருகிறோம் என்ற உதவிகளையும் பார்த்திருக்கிறேன். முதலில் போட்டுச் செலவழிக்கக் காசுள்ள பிள்ளைக்கு அந்த உதவியே தேவையில்லை. பஸ் ஏறுவதற்கு முன் கைகாசு, முதல் மாதச் சாப்பாடு. விதானையாரின் கடிதம், வறுமைச் சான்று, பரிசளிப்பு விழாப் படம் ஒன்றும் வேண்டாம்.

காசுகூட இரண்டாவது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் வெள்ளவத்தையில் வாங்கிப் போட்ட எத்தனை பிளாட்டுகள் வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கின்றன! ஓகஸ்டில் கலியாணத்துக்கு வந்து திறப்பீர்கள், திரும்பப் பூட்டிவிட்டுப் போவீர்கள். அந்தக் கொழும்பு நிறுவனம் ஜனவரியில் மறுபடி ஆள் எடுக்கிறது. அவள் விண்ணப்பிக்கிறாள், நான் விடப் போவதில்லை. ஜனவரி தொடக்கம் மார்ச் வரை ஒரு அறைத் திறப்பைத் தரக்கூடியவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள். கரண்ட் பில்லை நான் கட்டுகிறேன்.