பத்து மீட்டருக்குக் கீழே இருந்தால் அது அணை இல்லையாம்

எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள காடு தோட்டங்களுக்கும் குடிநீர் தரும் மண் அணையின் கரையில் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. கரையின் அடியில், மழை பெய்யாத மாதத்திலும் ஓரிடம் சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது. முறையிடப் போனால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. அங்கே, தண்ணீரை ஏற்றி அனுப்புவது மட்டுமே தங்கள் வேலை என்கிறார்கள்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் நீளம், கொள்ளளவு முதலிய நிபந்தனைகளுள் ஒன்றுக்கேனும் உட்பட்டவற்றையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் அவற்றுக்குத்தான். பவானிசாகரின் கரையும் மண்தான். ஆனால் அதன் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. பத்து மீட்டருக்குக் கீழே இருக்கும் எங்கள் அணைக்கு, மதகைத் திறந்து மூட ஒரு லஸ்கர்கூட (அணைப் பணியாளர்) இல்லை.

மண் அணையில் கசிவு இருப்பதே குற்றமில்லை. தெளிந்த நீர் கசிந்தால் கண்காணித்துவரலாம். கலங்கி வந்தால், உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டாம், கசியும் நீரை அவ்வப்போது ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்க ஓர் ஆள் போதும்.

அணை நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் கலிங்கின் நிலையோ இன்னும் மோசம். மீன் குத்தகை எடுத்தவர், மீன் தப்பிவிடக் கூடாதென்று அதன் குறுக்கே வலையைக் கட்டி, மணல் மூட்டைகளையும் அடுக்கியிருக்கிறார். ஐப்பசி மழையில் அடித்துவரும் செத்தையும் ஆகாயத்தாமரையும் அந்த வலையில் அடைத்துக்கொண்டால், வெள்ளம் கரைமேல்தான் ஏறும். மண் கரைமேல் தண்ணீர் வழியத் தொடங்கிவிட்டால் அது கரையை அறுத்துக்கொண்டுதான் போகும்.

மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் 2019 ஜூலை 2 இரவு திவாரே அணை உடைந்து, பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கசிவைப் பற்றி ஊரார் முன்பே முறையிட்டிருந்தும், அமைச்சர் ஒருவர் நண்டுகள் குடைந்ததே காரணம் என்றார். எங்கள் கரையில் பெருச்சாளி வளைகள் இருக்கின்றன. பழியைச் சுமக்க ஆள் தயார்.

இந்த அணைக்குப் பொறுப்பான அலுவலகம் எது என்பதையும், நடு இரவில் மதகைத் திறக்க யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுத்துமூலம் தெரிவியுங்கள். அதைப் பலகையில் எழுதிக் கரையில் நட்டுவைக்கும் செலவை ஊரே ஏற்றுக்கொள்ளும்.